சுவருக்கு அடியில் சேம்பர்

எங்கள் குளியலறையில் தண்ணீர் கீழே போவதை நிறுத்திவிட்டு மேலே வர ஆரம்பித்தபோது, என் கணவர் இடுப்பெலும்பில் தகடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வேலை முடிந்து வந்து குளியலறை விளக்கைப் போட்டேன். தரை முழுவதும் கணுக்கால் அளவு சோப்பு நுரை. அது என் சோப்பு இல்லை. நாங்கள் போடுவது வாசனை இல்லாத மருந்து சோப்பு. இது ரோஜா வாசனை. ரோஜா சோப்பு போடுகிறவர்கள் பின்பக்கச் சுவருக்கு அப்பால் இருக்கிறார்கள்.

அப்பால் இருப்பது என் கணவரின் அண்ணன் வீடு. எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. நல்லது கெட்டதுக்குக்கூட வருவதில்லை. ஆனால் அவர்கள் குளித்த தண்ணீர் மட்டும் உரிமையோடு என் வீட்டுக்குள் வருகிறது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று என் கணவர் சொல்லுவார். இந்தத் தடவை காரணம் கணுக்கால் வரை நின்றது.

கோபத்தை விடப் பயம் அதிகம். அவர் பஸ் டிரைவர். டெப்போவில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்துதான் இடுப்பை உடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், வாக்கர் பிடித்து மெதுவாக நடக்கட்டும் என்றார் டாக்டர். அதோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரத் தரை மட்டும் கூடவே கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் தகடும் போகும், நடையும் போகும் என்று சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட மனிதரை இந்த நுரைக்குள் எப்படி இறக்குவது? வெள்ளிக்கிழமைக்குள் இந்தத் தரை காய்ந்தே ஆக வேண்டும் என்று துடைப்பத்தைக் கையில் எடுத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மாமனார் கட்டிய ஒரே வீடுதான் இது. அவர் காலமான பிறகு நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கினார்கள். மாடிப்படி அண்ணன் பாகத்தில் விழுந்தது. படி இல்லாத மொட்டை மாடியை வைத்துக்கொண்டு நான் என்ன காக்கா ஓட்டவா என்று தம்பி கேட்டார். ஓட்டிக்கொள், அதற்காவது லைசென்ஸ் வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். பஸ் ஓட்டுகிறவரிடம் சொல்லக் கூடிய வார்த்தையா அது? அந்த ஒரு வார்த்தை பத்து வார்த்தையாகி, பின்முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியது.

முற்றத்தின் நடுவில் ஒரு சேம்பர் இருந்தது. இரண்டு வீட்டுக் கழிவும் வந்து சேர்ந்து, அங்கிருந்து என் பக்கத்துச் சந்து வழியாகத் தெருக் குழாய்க்குப் போகிற செங்கல் குழி. மேலே ஒரு மூடி. சுவருக்கு நூல் பிடித்தபோது நூல் நேராக அந்த மூடியின் நடுவில் போய் விழுந்தது. கொத்தனார் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் அப்படியோ இப்படியோ வளைத்துக்கொள்ளலாமே என்றார். வளைத்தால் யாராவது ஒருவருக்கு இரண்டடி போகும். “மேலேயே கட்டு” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்பார்களே, அது எங்கள் வீட்டில் செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கிறது.

பேச்சு நின்றதே தவிரச் செய்தி நிற்கவில்லை. என் ஓரகத்தியும் நானும் சாடை பேசுவோம். நான் என் பக்கம் துவைக்கிற கல்லிடம் சொல்லுவேன். அவர் தன் பக்கம் வாளியிடம் சொல்லுவார். “கல்லே, நாளைக்குத் தண்ணி வராதாம்” என்பேன். “தெரியும் வாளி, நேத்தே பிடிச்சு வெச்சாச்சு” என்று பதில் வரும். இப்படியே எத்தனையோ கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் எங்களுக்குள் போய் வந்திருக்கின்றன. கல்லும் வாளியும் இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் எப்போதோ பிரிந்திருக்கும்.

அன்றைக்கும் கல்லிடம்தான் சொன்னேன். யார் வீட்டு ரோஜாவோ என் வீட்டுத் தரையில் பூக்கிறது, வெள்ளிக்கிழமை மனுஷர் தகடு வைத்த இடுப்போடு வருகிறார், வாக்கர் பிடித்து நடக்க வேண்டும், ஈரத்தில் வழுக்கினால் அதோடு சரி என்று சத்தமாகவே சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாய்ச் சத்தம் நின்றது. வாளியிடமிருந்து பதில் வரவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பிளம்பரைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் அவருக்கு ‘ஆசிட்’ என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் ஊற்றுவார். என் வீட்டிலும் ஊற்றினார். குபுகுபுவென்று புகை வந்தது, கண் எரிந்தது, தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. பார்த்தீர்களா என்று அவர் தோளைக் குலுக்கி முடிப்பதற்குள் இறங்கிய தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. குழாய் பழசாக இருந்தால் இணைப்புகளில் இருக்கிற சிமெண்டையும் ஆசிட் தின்றுவிடும் என்று அப்புறமாகச் சொன்னார். ஊற்றுவதற்கு முன்னால் அதைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது.

பிறகு ஸ்பிரிங் கம்பியைச் சுருள் பிரித்து உள்ளே விட்டார். கம்பி கொஞ்ச தூரம் போய் எதிலோ முட்டி நின்றது. முறுக்கி முறுக்கி வெளியே இழுத்தபோது நுனியில் முடியோ துணியோ வரவில்லை. செங்கல் துண்டு வந்தது. சாக்கடைக் குழாயில் செங்கல்லுக்கு என்ன வேலை? ஆசிட் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தார். மதியத்துக்கு மேல் யாரிடமோ கேமராவை இரவல் வாங்கி வந்தார். நீளமான ஒயரின் நுனியில் ஒரு சின்னக் கண்ணும் அதைச் சுற்றி விளக்கும் இருந்தன. இருவரும் குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, கையகலத் திரையைப் பார்த்தோம்.

முதலில் பழுப்பு நிறப் பீங்கான் குழாய் வந்தது. மாமனார் காலத்தில் பதித்தது. ஒவ்வொரு இணைப்பிலும் வாய் திறந்திருந்தது. திறந்த வாய்க்குள் எங்கிருந்தோ வேர்கள் தாடி மாதிரித் தொங்கின. அதைத் தாண்டிக் கேமரா சேம்பருக்குள் எட்டிப் பார்த்தது. சேம்பரின் மூடி இரண்டாக உடைந்து உள்ளே விழுந்திருந்தது. அதன்மேல் கட்டிய சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அஸ்திவாரக் கல்லும் செங்கல்லுமாகக் குழியை அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இடுக்கில்தான் இத்தனை நாளாக இரண்டு குடும்பமும் பிழைத்திருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஆசிட் விரல் மடக்கிச் சொன்னார். பழைய குழாய்க்குள்ளேயே பசை தோய்த்த உறையை விட்டு, காற்றடித்து விரித்து, அதை உள்குழாயாகக் காயவைக்கிற முறை ஒன்று இருக்கிறது. தரையைத் தோண்ட வேண்டாம். ஆனால் குழாய் குழாயாக இருந்தால்தான் உறை மாட்ட முடியும், நொறுங்கிக் கிடக்கிற இடத்தில் எதற்கு மாட்டுவது? இன்னொன்று, சுவரை இடித்து, சேம்பரைத் தோண்டி எடுத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது. அதுதான் சரியான வேலை. ஆனால் சுவர் உங்களுடையது மட்டும் இல்லையே என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

“உங்களுக்கு மட்டும்னா சுலபம்மா. உங்க பக்கமே ஒரு புதுச் சேம்பர் போட்டு, சந்துல போற லைன்ல சேத்துடலாம். பழைய சேம்பர்லேருந்து வர்ற வாயை சீல் வெச்சுடலாம். அப்புறம் அவங்க தண்ணி அவங்க பாடு.”

பொய் சொல்லக் கூடாது, அந்த வார்த்தை எனக்கு வெல்லமாக இனித்தது. தெருவுக்குப் போகிற குழாய் என் பக்கம் இருக்கிறது. என் பக்கத்து வாயை அடைத்தால் அவர்கள் வீட்டு ரோஜா அவர்கள் வீட்டிலேயே பூக்கும். சுவர் நின்ற இடத்தில் நிற்கும், வேலையும் வெள்ளிக்கிழமைக்குள் முடியும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். தலையணையைச் சரிசெய்யச் சொல்லி, நன்றாகச் சாய்ந்துகொண்டு, “சீல் வெச்சுடு” என்றார். “ஆனா ஒண்ணு. நான் இல்லாத நேரத்துல அந்தச் சுவத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறம் நான் வீட்டுக்கே வரமாட்டேன்.” பக்கத்துக் கட்டில்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்ததும் கல்லிடம் போனேன். நாளைக் காலை ஆள் வருகிறது, எங்கள் லைன் இனிமேல் தனி, அந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கமே நிற்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவள் அப்படியே நின்றேன். தரை காய்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், நான் முதல் தடவை கல்லிடம் சொன்னதிலிருந்தே மேலே வந்ததெல்லாம் என் வீட்டுத் தண்ணீர்தான், ரோஜா வாசனை ஒரு தடவைகூட வரவில்லை. ஸ்பிரிங் விட்டதில் ஏதோ நகர்ந்திருக்கும் போல என்று குப்பையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன்.

தெருவில் என் ஓரகத்தி போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் நிறைந்த வாளி, இன்னொரு கை இடுப்பில். அவருக்கு முதுகுவலி உண்டு, குனிந்து நிமிர்ந்தால் முனகுவார். நடைபாதை ஓரத்துச் சாக்கடைக் கம்பிக்கு மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். வெள்ளையாக நுரை ஓடியது. அவர்கள் வீட்டு வாசலில் இன்னும் சில வாளிகள் நிறைந்து காத்திருந்தன. ஒன்றில் குளித்த தண்ணீர், ஒன்றில் பாத்திரம் கழுவியது, ஒன்றில் துணி அலசியது. வாசலிலிருந்து சாக்கடை வரை தரையில் ஈரத்தடம் பாதையாகவே விழுந்திருந்தது. ஒரே ஒரு தடவை நடந்ததில் விழுகிற தடம் இல்லை அது.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். குப்பையைப் போட்டுவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, அந்த வாளியக் கீழ வைங்க.”

அவர் திடுக்கிட்டார். பிறகு பழக்கம் விடாமல் வாளியைக் குனிந்து பார்த்து, “என்ன வாளி, இவ யார்கிட்ட பேசுறா?” என்றார்.

“உங்ககிட்டதான். வாளி இல்ல இப்போ. என்ன பண்றீங்க நீங்க?”

“தெரியல? வெள்ளிக்கிழமை வரைக்கும் தூக்கிடலாம்னு பாத்தேன். தம்பி வர்றப்ப தரை ஈரமா இருக்கக் கூடாதுல்ல.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு யோசிக்கல. அதான் நீ சீல் வெக்கப் போறியே.”

குத்திக் காட்டுகிறாரா, நடப்பதைச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நடப்பதைத்தான் சொன்னார். அங்கே நின்றபடியே எனக்குள் முடிவாகிவிட்டது. நான் துணி வெட்டுகிறவள். தையல் கம்பெனியில் கட்டிங் பிரிவு முழுக்க என் பொறுப்பு. கத்தரி வைப்பதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம், வைத்த பிறகு நடுவில் நிறுத்தினால் பிசிறு தட்டும். சீல் கிடையாது, சுவரை இடித்துச் சேம்பரைப் புதிதாகப் போடுவது என்றேன். உன் மாமா சம்மதிக்க மாட்டார் என்றார் ஓரகத்தி. என்னவர் ஏற்கெனவே சம்மதிக்கவில்லை, அதனால் கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வாளிகளில் இரண்டை நான் தூக்கிப் போய்க் கொட்டினேன்.

அண்ணனுக்கு, அதாவது எங்கள் வீட்டுப் பெரியவருக்கு, மரவேலை. இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். கதவு ஜன்னல் செய்து மாட்டுவார். நான் போனபோது ஒரு நிலைச்சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மரச்சுருள். என்னைப் பார்த்ததும் இழைப்புளி ஓடுவது ஒரு நிமிஷம் நின்றது, பிறகு ஓடியது. உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்கார வரவில்லை. கேமராவில் பார்த்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். சுவர் இறங்குவதைச் சொன்னேன், சீல் வைத்தால் அவர்கள் வீட்டுக் கழிவு அவர்கள் அஸ்திவாரத்துக்கே இறங்கும் என்பதையும் சொன்னேன். இடிக்க வேண்டும் என்றேன். பெரியவர் எப்போதுமே வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பவர் மாதிரிதான் பேசுவார்.

“அவன் சரின்னானா?”

“இல்ல மாமா. மாட்டேன்னுட்டார்.”

“அப்ப எப்படி இடிக்கிறது? கட்டுறப்ப ரெண்டு பேரும் நின்னோம். இடிக்கிறப்பவும் ரெண்டு பேரும் நிக்கணும். ஒடம்பு முடியாமப் படுத்திருந்தப்ப இடிச்சுட்டான்னு நாளைக்கு அவன் சொல்லுவான்.”

“அவரால நிக்க முடியாது மாமா. அவர் நிக்கணும்னுதான் நான் இவ்வளவும் ஓடுறேன். அவருக்குப் பதிலா நான் நிக்கிறேன். பழி வந்தா என் தலையில விழட்டும்.”

அவர் சட்டத்தின் மேல் இருந்த தூளை ஊதினார். பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார். எவ்வளவு நேரம் நிற்பது? வந்துவிட்டேன்.

காலையில் ஆசிட் புதுக் குழாய்களோடு வந்தார். சீல் வைக்கவில்லை, சுவரை இடிக்கிறோம் என்றதும் கையிலிருந்த ஸ்பிரிங் கம்பியைக் கீழே போட்டுவிட்டார். அண்ணன் தம்பி விவகாரத்தில் நான் தலையிட மாட்டேன், இன்றைக்கு அடித்துக்கொள்வீர்கள், நாளைக்குக் கூடிக்கொள்வீர்கள், நடுவில் என் மண்டைதான் உடையும் என்றார். நியாயம்தான். அவர் மறு கையில் வைத்திருந்த கடப்பாரையை வாங்கினேன். கம்பெனிக்கு லீவு சொல்லியாயிற்று, புடவையை வரிந்து கட்டியாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சுவரின் அடிப்பக்கம் பார்த்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். பூச்சு மட்டும் உதிர்ந்தது. கை இரண்டும் அதிர்ந்தன. மறுபடியும் குத்தினேன். விரல் நகம் அளவுக்குச் செங்கல் பெயர்ந்தது. இந்த வேகத்தில் போனால் அடுத்த வருஷ வெள்ளிக்கிழமைக்குத்தான் முடியும் என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ‘தும்’ என்று ஒரு சத்தம். நான் நின்றேன். மறுபடியும் ‘தும்’. என் பக்கத்துப் பூச்சில் விரிசல் ஓடியது. மூன்றாவது அடியில் ஒரு செங்கல் அப்படியே என் காலடியில் வந்து விழுந்தது. ஓட்டை வழியாகச் சம்மட்டி பிடித்த கை தெரிந்தது. அப்புறம் தூசி படிந்த பெரியவர் முகம் தெரிந்தது.

“தள்ளி நில்லு. மேல விழுந்துரும்” என்றார்.

ஆசிட் உடனே கம்பியைப் பொறுக்கிக்கொண்டு, அப்போதே சொன்னேனே, கூடிக்கொள்வீர்கள் என்று சிரித்தார். அதற்கப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. பெரியவர் இடித்தார், ஆசிட் தோண்டினார், நானும் ஓரகத்தியும் செங்கல்லை எடுத்து ஓரமாக அடுக்கினோம். குனியாதீர்கள், நான் குனிகிறேன், நீங்கள் வாங்கி அடுக்குங்கள் என்று நான் சொல்ல, என் முதுகு எனக்குத் தெரியும் என்று அவர் சொல்ல, நேருக்கு நேர் முகம் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே வேலை நடந்தது. சேம்பரைத் திறந்தபோது அடித்த நாற்றத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆசிட்டே மூக்கைப் பொத்திக்கொண்டார் என்றால் போதும்.

மறுநாளும் வேலை தொடர்ந்தது. உடைந்த பீங்கான் குழாய்களைத் தெரு வரைக்கும் பெயர்த்து எடுத்துவிட்டு, புது பிவிசி குழாய் போட்டார்கள். நன்றாகச் சரித்துப் போடுங்கள், வேகமாகப் போகட்டும் என்றேன். ரொம்பச் சரித்தால் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், கெட்டியானதெல்லாம் பின்தங்கி நின்றுவிடும், இரண்டும் சேர்ந்து போகிற மாதிரி அளவாகச் சரிக்க வேண்டும் என்று ஆசிட் மட்டப்பலகையை வைத்துக் காட்டினார். செங்கல்லும் பூச்சும் காயக் காலமில்லாததால் ஏற்கெனவே வார்த்த சிமெண்டு வளையங்களை இறக்கிப் புதுச் சேம்பராக்கி, இரண்டு வீட்டுக் குழாயையும் அதில் சேர்த்தார்கள். மேலே கனமான புது மூடி. பெரியவர் தன் வீட்டில் குழாயைத் திறந்துவிட, நாங்கள் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். நுரை வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தெருப்பக்கம் போனது. அந்த ரோஜா வாசனை அன்றுதான் எனக்குப் பிடித்தது.

மிச்சம் இருந்தது சுவர். மூடியைத் திறந்து மூட வழி வேண்டும், அதனால் அதன் மேல் கட்டக் கூடாது, ஒதுங்கித்தான் கட்ட வேண்டும் என்று ஆசிட் சொல்லிவிட்டார். ஒதுங்குவது என்றால் யார் பக்கம்? அதுவரை சம்மட்டியும் கையுமாக நின்ற பெரியவர் உள்ளே போய் நூல்கண்டை எடுத்து வந்தார். நூலைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த நூல்தானே எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது? என் பக்கம் ஏற்கெனவே ஒருவர் குனிந்தால் இன்னொருவர் நிற்க முடியாத இடம். இதிலும் இரண்டடி போனால் வாக்கரைத் தூக்கித் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன்.

பெரியவர் நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். மறு முனையோடு பின்னால் நடந்தார். சேம்பரைத் தாண்டினார். தன் பக்கத்துக்குள் இன்னும் ஓரெட்டு உள்ளே போய், அங்கே ஆணி அடித்து நூலைக் கட்டினார்.

“மாமா, அது உங்க பக்கம்.”

“தெரியும்.” என் குளியலறைக் கதவைக் காட்டினார். “அந்தக் கதவ மாட்டினது நான்தான். உள்பக்கமா தொறக்கும். வாக்கரோட உள்ள போனா சாத்த வராது. உள்ள விழுந்துட்டான்னா கதவுக்குக் குறுக்கால கெடப்பான், வெளியில இருந்து தொறந்து தூக்கவும் முடியாது. கதவு வெளிப்பக்கம் தொறக்கணும். சுவர் பழைய இடத்துலயே வந்தா கதவு அதுல இடிக்கும்.” நூலை விரலால் ஒரு தடவை சுண்டிப் பார்த்தார். “அதனால சுவர் இங்கேதான் வரணும்.”

“உங்களுக்கு இடம் போகுதே மாமா.”

“போகட்டும்” என்றார்.

நாக்கு நுனியில் நின்ற கேள்விகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். இவரைப் போய் இத்தனை வருஷம் என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். என் ஓரகத்தி மெதுவாக வந்து நூலை என் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டார். கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். சுவர் சேம்பருக்கு அந்தப் பக்கமாக வளைந்து எழும்ப ஆரம்பித்தது. பெரியவர் பட்டறைச் சாமான்களைக் கொண்டு வந்து கதவைக் கழற்றி, கீல்களை மாற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டுப் போனார். காபி சாப்பிடுங்கள் என்றேன், அவன் வரட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை என் கணவரை ஆட்டோவில் கூட்டி வந்தேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். வீட்டுக்குள் வந்ததும் அவருக்கு முதல் வேலை பின்பக்கம்தான். வாக்கரை ஊன்றி ஊன்றி முற்றத்துக்கு வந்தவர் நின்றுவிட்டார். புதுச் சுவர் இன்னும் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பெரியவர், எதையும் பார்க்காதவர் மாதிரி, தன் குளியலறை ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓரகத்தி கொடியில் போட்ட துணியை எடுத்து மறுபடியும் அதே கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“சுவத்துல கை வெச்சியா?” என்று என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“வெச்சேன்.”

“எவ்வளவு எடுத்துக்கிட்டான்?”

“நீங்களே பாருங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். பழைய சுவர் நேராக வருகிற இடத்தைப் பார்த்தார், வளைகிற இடத்தைப் பார்த்தார், வளைவு போகிற திசையைப் பார்த்தார். எதுவும் புரியாமல் என் பக்கம் திரும்பினார். கதவைச் சொன்னேன், வாக்கரைச் சொன்னேன், விழுந்தால் தூக்குவதற்கு வழி வேண்டும் என்று பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வாளிகளையும் சொன்னேன். அவர் வாக்கரைத் திருப்பினார். திரும்ப இடம் இருந்தது. கதவை வெளிப்பக்கம் இழுத்துத் திறந்து, காய்ந்த தரையில் ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே போய், தானாகவே கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஃபிளஷ் இழுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் காலுக்குக் கீழே தண்ணீர் தடையில்லாமல் சேம்பரைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. சட்டத்தைச் சுரண்டுகிற சத்தம் நின்றிருந்தது.

“அண்ணே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெரியவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

“தண்ணி நல்லாப் போகுது.”

பெரியவர் இடுப்பளவுச் சுவர் வரைக்கும் வந்து நின்றார்.

“சரி சரி. ரொம்ப நேரம் உக்காந்திருக்காத. கால் மரத்துப் போயிடும்.”

“சரிண்ணே” என்றார் என் கணவர்.